இர்மேலாவின் கட்டைவிரல்

இர்மேலா வைட்னருக்கு ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாது. தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போது கூட அவள் குதிகால் ஆடிக்கொண்டே இருக்கும். லான் ஆற்றுப் பாலத்தில் நாலு பேர் நின்று பேசினால் மூன்று பேர் பேசுவார்கள், இர்மேலா அவர்களைச் சுற்றி நடப்பாள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ காலையிலிருந்து மாலை வரை ஒரே முக்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. யார் இந்த முடிச்சைப் போட்டார்களோ தெரியாது. ஆனால் ஜெர்மனியில் எங்கள் வெட்ஸ்லாரில் அந்த வேலையை அவளைப் போல் செய்ய ஆள் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் அதை மறுத்ததில்லை.

எங்கள் ஊரின் பெயரைச் சொன்னால் உலகம் லென்ஸைத்தான் நினைக்கும். லென்ஸ் அரைப்பவர்களுக்கு வெள்ளைக் கோட்டு, தனி அறை, நிமிர்ந்த நடை. சரி, இருக்கட்டும். மைக்ரோஸ்கோப்பின் குழாய் நிறுத்தின இடத்தில் நிற்காவிட்டால் அந்த லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம்? பக்கவாட்டில் இருக்கிற பெரிய திருகைத் திருப்பினால் உள்ளே ஒரு பல்சக்கரம் சுற்றும். அது குழாயின் முதுகில் பதித்த பல்சட்டத்தைக் கடித்துக்கொண்டு குழாயை ஏற்றும், இறக்கும். குழாய் ஓடுவது பித்தளையில் வெட்டிய ஒரு பள்ளத்தில். பள்ளம் இறுக்கமாக இருந்தால் குழாய் திக்கித் திக்கிக் குதிக்கும். தளர்ந்திருந்தால் குழாய் தன் பாரத்திலேயே மெல்லக் கீழே இறங்கும். ஒரு மயிரிழை இறங்கினால் போதும், பார்த்துக்கொண்டிருந்தது புகைமூட்டமாகிவிடும். இரண்டுக்கும் நடுவே, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓர் ஓட்டம் இருக்கிறது. அதை அளக்க எங்களிடம் கருவி கிடையாது. விரல்தான் அளவுகோல்.

அதற்காக, இர்மேலா பொருத்துகிற வேலை பார்த்த மைக்ரோஸ்கோப் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பொருத்தினவர் பல்சட்டத்தின் பின்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், தன் அடையாளத்தைக் கீற வேண்டும். பிறகு வேறொருவர் கண்ணை மூடிக்கொண்டு திருகைத் திருப்பிப் பார்த்து, சரி என்றால் பக்கத்திலேயே தன் அடையாளத்தைக் கீற வேண்டும். ஏதாவது ஒன்று குறையோடு திரும்பி வந்துவிட்டால், காலை ஒன்பது மணி ரொட்டி இடைவேளையில், அத்தனை பேர் முன்னிலையிலும் ஃபோர்மன் ரூப்பெல் பல்சட்டத்தைக் கழற்றி இரண்டு அடையாளங்களையும் உரக்கப் படிப்பார். அந்த நேரத்தில் வாயில் ரொட்டி இருந்தாலும் யாரும் மெல்ல மாட்டார்கள்.

இர்மேலாவின் அடையாளம் ஒரு சின்னக் கொக்கி. யுத்தம் நடந்தபோது ஆண்கள் எல்லாம் போர்முனைக்குப் போனதால் காலியான முக்காலியில் இருபத்தாறு வயதில் வந்து உட்கார்ந்தவள் அவள். புருஷன் திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்து மற்றவர்கள் திரும்பி வந்தபோது ஒவ்வொரு பெண்ணாக எழுந்து போனார்கள். இர்மேலா எழுந்திருக்கவில்லை. எழுப்பவும் யாருக்கும் மனசு வரவில்லை, ஏனென்றால் கண்ணை மூடித் திருப்பிப் பார்த்தே இது இன்னார் பொருத்தினது என்று சொல்லிவிடுவாள். எல்லாரும் சோதனைக்கு அவளிடமே கொண்டுவந்து நீட்டினார்கள். கொக்கி விழுந்த ஒன்று அதுவரை திரும்பி வந்ததில்லை.

போன குளிர்காலத்தில் அவள் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் விடியற்காலையில் மட்டும். பிறகு பத்து மணிக்கு, பிறகு எந்நேரமும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் வேறு யாருடையவோ போல ஒட்டிக்கொண்டிருந்தன. மோதிரவிரலும் சுண்டுவிரலும் தப்பித்துவிட்டன, அவற்றை வைத்து யார் திருகு திருப்புகிறார்கள்? அவள் கையை உதறினாள். நடக்கும்போது உதறினாள், பேசும்போது உதறினாள். ஏற்கெனவே துறுதுறுவென்று இருப்பவள் என்பதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அவள் அக்கா ஹெட்விக் ஒருத்தியைத் தவிர.

இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஹெட்விக் அதே பட்டறையில் பேக்கிங் அறைக்காரி. மைக்ரோஸ்கோப்புகளை மரச்சீவலில் புதைத்துப் பெட்டியில் அடைப்பது அவள் வேலை.

"என்னடி, பட்டனோட மல்யுத்தமா?" என்றாள் ஒரு காலை, சிக்கரி காப்பியை ஊற்றிக்கொண்டே.

"ஓட்டை சின்னதா இருக்குக்கா."

"நேத்து வரைக்கும் பெரிசா இருந்துச்சாக்கும்? கம்பெனி டாக்டர்கிட்ட காட்டு."

"காட்டினா அந்த ஆள் எழுதி வெப்பார். எழுதினா ரூப்பெல் படிப்பார். படிச்சா நான் உன்கூட மரச்சீவல் அள்ளணும்."

"நான் அள்ளிக்கிட்டு உயிரோடதானே இருக்கேன்?"

"நீ நீதான். நான் செத்துப்போவேன்" என்றாள் இர்மேலா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஹெட்விக் எழுந்து வந்து பட்டனைப் போட்டுவிட்டாள்.

அதன் பிறகு ஒன்பது மாதம் இர்மேலா எப்படிச் சமாளித்தாள் என்கிறீர்களா? காதால் கேட்டாள். பல் கடிக்கிற சத்தத்தில் பாதி தெரிந்துவிடும். மீதிக்கு, கொண்டுவந்து நீட்டுகிறவரின் முகத்தைப் பார்த்தாள். நல்ல வேலைக்காரனுக்குத் தன் வேலை தெரியும். முகம் தெளிவாக இருந்தால் கொக்கி, குழம்பியிருந்தால் "இன்னொரு தடவை இழைச்சுக் கொண்டு வாங்க." மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு செய்த பிழைப்பு. ஆனால் ஓடியது.

ஒருவர் முகத்தைத்தான் அவளால் படிக்க முடியவில்லை. எமில் ஸைப்.

அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலோர முக்காலி யுத்தத்துக்கு முன் எமிலுடையது. ருஷ்யாவில் கைதியாகக் கிடந்து, எல்லாரும் திரும்பி நாலு வருஷம் கழித்து எலும்பும் தோலுமாக வந்தார். கணப்பு அடுப்புக்குப் பின்னால் இருட்டு மூலையில் ஓரிடம் கொடுத்தார்கள். "என் இடத்தைக் கொடு" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இர்மேலா சண்டை போட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். அந்த மனுஷன் கேட்கவே இல்லை. நடுங்குகிற கையோடு தொப்பியைத் தொட்டு "வைட்னரம்மா, வணக்கம்" என்பதோடு சரி. அதுவே அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது. வேலையைத் தொட்டால் அவர் கை நடுங்காது, தொடும்வரைக்கும்தான். ஆனால் எதைச் செய்து முடித்தாலும் அவர் முகம் சந்தேகத்தில்தான் இருக்கும். அச்சாகச் செய்ததையும் அழுதுவிடுவது போலத்தான் கொண்டுவந்து நீட்டுவார்.

செப்டம்பரில் ஒரு நாள் மத்தியானம். காலையிலிருந்து பித்தளை இழைத்து இர்மேலாவின் கை கட்டையாகிக் கிடந்தது. எமில் வந்து நின்றார்.

"இது கொஞ்சம் லூசா இருக்குமோன்னு எனக்குத் தோணுது, வைட்னரம்மா. நீங்க பாத்துச் சொல்லுங்க."

கண்ணை மூடித் திருப்பினாள். ஒன்றும் தெரியவில்லை. சத்தமும் வரவில்லை. இவர் எப்போதும் இப்படித்தானே சொல்வார் என்று நினைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"நிஜமாவா? எனக்கு என்னமோ..."

"என் விரலைவிட உங்க விரல் ஒசத்தியோ?"

எமில் சிரித்துவிட்டார். "அய்யோ, அப்படிச் சொல்ல முடியுமா!" இர்மேலா கொக்கியைக் கீறினாள்.

நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை, அது திரும்பி வந்தது. காசநோய் மருத்துவமனை ஒன்றிலிருந்து. ஒன்பது மணிக்கு ரூப்பெல் கடிதத்தைப் படித்தார். குழாய் தானாக இறங்குகிறதாம். டாக்டர் கிருமியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே படம் கலைந்துபோகிறதாம். இரண்டு முறை லென்ஸ் கீழே இருந்த கண்ணாடித் தகட்டில் இடித்து மாதிரி பாழாகி, நோயாளிகளை மறுபடி வரவழைத்தார்களாம். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பல்சட்டத்தைக் கழற்றினார்.

"மூணு புள்ளி" என்று படித்தார். "பக்கத்துல... கொக்கி."

எல்லார் தலையும் திரும்பியது. ஆனால் இர்மேலா பக்கம் இல்லை. மூன்று புள்ளி எமிலுடையது.

"எமில்" என்றார் ரூப்பெல், "இர்மேலா பாஸ் பண்ணின பிறகு நீங்க இதை மறுபடி திறந்தீங்களா?"

எமில் அந்தப் பல்சட்டத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திறந்த மாதிரி ஞாபகம் இல்லை, ஃபோர்மன். ஆனா அவங்க சரின்னு சொல்லியிருந்தா சரியாத்தான் இருந்திருக்கும். அப்புறம் இப்படி ஆயிருக்குன்னா நான்தான் ஏதோ பண்ணியிருக்கணும். கிரீஸை மாத்தினேனோ என்னமோ. எனக்கு சிலது ஞாபகம் இருக்கிறதில்லை."

செய்யாத தப்பை அந்த மனுஷன் நம்பிவிட்டார். அறையில் இருந்த பதினாலு பேரும் நம்பினார்கள். இர்மேலாவின் விரல் பொய் சொல்லும் என்று நினைக்க அங்கே யாருக்கும் வரவில்லை, அவ்வளவுதான்.

ரூப்பெல் கொடுமைக்காரர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "திங்கட்கிழமையிலேர்ந்து பேக்கிங்ல இருங்க எமில். கொஞ்ச நாளைக்கு" என்றார். எமில் தலையாட்டினார். எல்லாரும் மறுபடி மெல்ல ஆரம்பித்தார்கள்.

அதன் பிறகு அன்று முழுக்க இர்மேலாவை முக்காலியில் பார்த்தவர்கள் இல்லை. தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள், வந்தாள். ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள். ஒரு திருகாணியைக் கீழே போட்டுவிட்டு, தேடி எடுத்து, மறுபடி போட்டாள். கடைசியில் பேக்கிங் அறைக்குப் போய் நின்றாள். ஹெட்விக் நிமிராமலே பேசினாள்.

"சேதி வந்துச்சு. தப்பிச்சே, போ."

"அக்கா, அது நான்..."

"எனக்குத் தெரியும்டி. உன் பட்டனைப் போட்டுவிடறவளுக்குத் தெரியாதா? வாயைத் திறக்காதே. பேக்கிங் என்ன தூக்குமேடையா? அந்த ஆள் ருஷ்யாவையே பாத்துட்டு வந்தவர்."

"அந்த ஆளுக்குத் தூக்குமேடை இல்லை. எனக்கு?"

ஹெட்விக் இப்போது நிமிர்ந்தாள். "உனக்குத் தூக்குமேடைதான். அதனாலதான் வாயைத் திறக்காதேங்கறேன்."

இர்மேலா கையை உதறிக்கொண்டே திரும்பி வந்தாள். திறக்கப் போவதில்லை என்று நடைவழியிலேயே முடிவு செய்துவிட்டாள். நாற்பது வயதில், புருஷன் இல்லாமல், பிள்ளை இல்லாமல், தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு இருந்தது அந்த ஜன்னலோரம் ஒன்றுதான். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அவள் இடத்துக்கு வந்தபோது எமில் அங்கே காத்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு மைக்ரோஸ்கோப்.

"உங்களுக்குத் தொந்தரவு, வைட்னரம்மா. போறதுக்கு முன்னாடி இது ஒண்ணை மட்டும் பாத்துச் சொல்லுங்க. இப்பத்தான் முடிச்சேன்."

"நாளைக்குப் பாக்கலாமே" என்றாள்.

"இல்லை, இன்னிக்கே தெரியணும். இது நல்லா இருக்குன்னு எனக்குத் தோணுது. எப்பவும் அப்படித் தோணாது, இன்னிக்குத் தோணுது. நீங்களும் சொல்லிட்டா, என் கை இன்னும் போயிடலைன்னு நம்பி வீட்டுக்குப் போவேன். சரியில்லைன்னா அதையும் சொல்லிடுங்க. இனிமே ஆசைப்பட மாட்டேன்."

மேஜைமேல் வைத்தார். அவர் முகம் அன்றைக்குத் தெளிவாக இருந்தது. இர்மேலா கண்ணை மூடித் திருகைப் பிடித்தாள். ஏற்றினாள். இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். ஒன்றுமே இல்லை. தன் விரல் திருகின் மேல் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்று கண்ணைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்புவார். சரியில்லை என்றாலும் நம்புவார். அந்த மனுஷனின் மிச்ச ஆயுசு முழுக்கத் தன் செத்த விரலில் மாட்டிக்கொண்டு தொங்குகிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஃபோர்மன்!" என்று கத்தினாள். "இங்க வாங்க!"

ரூப்பெல் அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்தபடியே வந்தார். அதன் மூலையில் ஒரு குண்டூசி குத்தியிருந்தது. இர்மேலா அதை இடது கையால் பிடுங்கி அவரிடம் நீட்டினாள்.

"இதை என் கட்டைவிரல்ல குத்துங்க."

"என்ன இர்மேலா, விளையாட்டா?"

"குத்துங்கன்னா குத்துங்க. நம்ம சோதனை மாதிரியே, நான் கண்ணை மூடிக்கிறேன்."

வலது கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் குதிகால் ஆடவில்லை. பக்கத்துக் கடைசல் இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். முக்காலிகள் தேய்ந்து நகர்ந்தன. பிறகு அதுவும் நின்றது.

"பயப்படாதீங்க ஃபோர்மன், குத்துங்க" என்றாள்.

கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"நாள் முழுக்க இப்படியே நிக்கவா நான்? குத்தித் தொலைங்களேன்!"

மிக அருகில், எமிலின் குரல் கேட்டது.

"ரெண்டு தடவை குத்தியாச்சு, இர்மேலா."