வெல்லத் தண்ணீர்

காய்ச்சல் வந்த மூன்று நாளும் என் மனைவியின் வாயில் போனது வெல்லத் தண்ணீர்தான். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பூதிகோட்டைப் பக்கம் தக்காளி பறிக்கப் போய்வந்தவள், தலைவலி என்று படுத்தாள். தங்கச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே சயனைடு மேடு, தங்கம் எடுத்தபின் கொட்டிய மண். காற்றடித்தால் தூசி சோற்றில் விழும். அதனால் இங்கே எந்த நோய்க்கும் ஒரே காரணம், ஒரே மருந்து. சுரங்கம் மூடும்வரை வேலை பார்த்த என் அண்ணன் வாசலில் நின்றே சொல்லிவிட்டார்: "தூசிடா. வெல்லம் குடு, எறங்கிடும்."

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். நான்காம் நாள் அவளுக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கொசு கடித்து வந்த வைரஸ், மூளைக் காய்ச்சல். மூளைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் உள்சுவரில் செல்கள் நெருக்கி நின்று, கண்டதையும் உள்ளே விடாதாம். வைரஸ் வந்தால் அவையே உடம்பின் காவல் செல்களைக் கூப்பிட்டு வழி விடுமாம். அளவாக வந்தால் வைரஸ் அடங்கும். கூட்டமாகப் புகுந்தால் மூளையே வீங்கும்.

"மருந்து?" என்றேன்.

"வைரஸுக்குன்னு மருந்து இல்லீங்க. வலிப்பையும் வீக்கத்தையும் அடக்கப் பாக்குறோம். கண்ணு முழிச்சா உங்கள அடையாளம் தெரியுமான்னு இப்ப சொல்ல முடியாது. வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, மூச்சுக் குழாய்ல போயிடும்."

இரண்டு நாள் கழித்து அண்ணன் ஏழெட்டு உறவுக்காரர்களோடு வார்டு வாசலுக்கு வந்தார். கையில் பாட்டில், அதே வெல்லத் தண்ணீர்.

"ஒரு வாய் ஊத்திட்டுப் போயிடறோம்."

"வேணாண்ணா."

"இன்னாடா வேணாம்? சுரங்க ஷாஃப்ட்ட எட்டிப் பாத்திருக்கியா நீ? தூசியப் பத்தி எனக்கே சொல்றியா? நவுரு."

"அட, ஊமை பேசுது பாரு," என்றாள் சித்தி. சிரித்தார்கள்.

பாட்டிலைப் பிடுங்கினேன்.

"நீதானண்ணா சொல்லுவ? பாறை வெடிச்ச அன்னிக்கி காப்பாத்தறோம்னு அத்தினி பேரும் சுரங்கத்துல எறங்குற கேஜ்ல ஏறப் பாத்தீங்க, மணியடிக்கிறவரு ஆள எண்ணித்தான் கீழ வுட்டாருன்னு! அவ மூளைக்குள்ள எண்ணாம வுட்டதாலதான் இப்டி கெடக்கறா! இங்க நான் வுட மாட்டேன்! போங்க எல்லாரும்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. பாட்டிலைக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். அண்ணன் படியிறங்கிப் போனார்.

கதவோரக் கட்டிலிலிருந்து குழறலாக ஒரு குரல்: "யாரு கத்தறது?"

"உங்க வூட்டுக்காரர்தாம்மா," என்றாள் நர்ஸ்.

"அவருக்குக் கத்த வராதே."

அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. வீடு திரும்பியும் வலது கை மட்டும் இன்னும் சரியாக மடங்கவில்லை. சோற்றை நான்தான் பிசைந்து கொடுக்கிறேன்.

அண்ணனோடு இப்போதும் பேச்சில்லை. ஆனால் கோபத்தில் பாதிதான் அவருக்கு. வெல்லம் கொடு என்று சொன்னது அவர். மூன்று நாளும் அதைக் கரைத்துப் புகட்டியது என் கை.