சரிபாதி வீடு

ஜைனபு இறந்துபோன செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதலில் அவளுடைய பெரிய தம்பி அனுப்பினான், சற்று நேரத்தில் சின்னவன். அதே புகைப்படம், அதே துஆ. கடைசி வரி மட்டும் வேறு. ஒருவன் 'வடக்கு வாசல்' என்று போட்டிருந்தான், மற்றவன் 'தெற்கு வாசல்' என்று. அவளோடு வேலை பார்த்த உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். அவள் கட்டிய ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் ஒரே அலுவலகத்தில் நாங்கள் இருவரும் வீட்டு வரைபடம் போட்டோம். பழவேற்காட்டிலிருந்து பஸ், பொன்னேரியிலிருந்து ரயில் என்று அவள் வருவாள். மீஞ்சூரில் ஏறும் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். பழைய பிரெஞ்சு மாளிகைகள் மேல் அவளுக்குத் தீராத மோகம். சிலையும் தங்கப் பூச்சும் வேண்டாம், அந்த ஒழுங்குதான் வேண்டும் என்பாள். நடுவே ஒரு கோடு, இரு பக்கமும் ஒரே அளவு அறைகள், ஆள் உயரத்தைத் தாண்டிய சன்னல்கள். "சரிபாதியா இருந்தாதான்டி வீடு அமைதியா நிக்கும்" என்பது அவள் வாக்கு. நான் ஒரு சன்னலைக் கொஞ்சம் தள்ளி வரைந்தால் போதும், "இன்னாடி, வீட்டுக்கு மாறுகண்ணா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவாள்.

அந்த வீட்டை அவள் பழவேற்காட்டில், அத்தா என்று அவள் கூப்பிடும் தன் அப்பாவின் மனையில், தன் சம்பாத்தியத்தில் கட்டினாள். உப்புக்காற்றில் இரும்பு நிற்காது என்று அலுமினியச் சன்னல்கள் வைத்தாள். ஏரிக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். மேலே சாம்பல் நிறத்தில் சரிந்த கான்கிரீட் கூரை. டச்சுக்காரன் வீடா என்று ஊரார் கேட்டதற்கு, "டச்சுக்காரன் இங்க கல்லறைய வுட்டுட்டுப் போனான். நான் வீடு கட்றேன்" என்றாள். நடுவில் இரட்டைக் கதவு போட்ட அகன்ற வாசல். இவ்வளவு அகலம் எதற்கு என்று கொத்தனார் முனகியிருக்கிறார். கல்யாணமும் வீட்டில் இறந்தவர் மய்யித்தும் இந்த வழியாகத்தான் போகும், எதுவும் இடித்துக்கொள்ளக் கூடாது என்றாளாம்.

அத்தா போனதும் நண்டு வியாபாரத்தில் தம்பிகள் முட்டிக்கொண்டார்கள். வீட்டையும் பிரிப்பது என்று முடிவானது. மனை அத்தா பேரில் இருந்ததால், அக்காவுக்குள்ள பங்கைப் பேச்சில் எடுக்காமலே, வீடும் அவர்களுடையதாகிவிட்டது. கல்யாணமாகாத அக்கா இரண்டு பக்கமும் இருந்துகொள்ளலாமே என்று பெரிய மனசு பண்ணினார்கள். பெரியவன் என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னான்: "அக்கா அளந்து வெச்ச மாதிரியே சரிபாதியா கீது. நடுவுல ஒரு சுவர், வேலை முடிஞ்சுது." வாசலிலிருந்து பின்கட்டு வரை சுவர் எழும்பியது. இரட்டைக் கதவில் ஆளுக்கு ஒரு கதவு.

அந்தச் சுவருக்குக் கோடு போட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? ஜைனபுதான். உனக்கென்ன பைத்தியமா என்று ரயிலில் நான் கத்தினேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவனுங்க கோணலா கட்டிடுவானுங்கடி. பாக்க சகிக்காது" என்றாள். அதன்பிறகு ஒரு மாதம் வடக்கில், ஒரு மாதம் தெற்கில் என்று தன் வீட்டில் விருந்தாளியாக இருந்தாள்.

அவள் இறந்தது தெற்குப் பக்கத்தில். மய்யித்தைத் தூக்க வந்தவர்கள் உடல் கிடத்திய சந்தூக்குப் பெட்டியை நடு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒற்றைக் கதவு வழியில், சுவரை ஒட்டி அது திரும்பவில்லை. கடைசியில் சமையல்கட்டு வழியாக, பாத்திரங்களை நகர்த்திவிட்டு, சாய்த்துப் பிடித்து வெளியே எடுத்தார்கள். நிலைப்படியில் ஒருமுறை இடித்தது. அந்தச் சத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது. என் பக்கத்தில் நின்ற சின்னவன், "இந்த வாசல அக்கா கொஞ்சம் அகலமா வெச்சிருக்கலாம்" என்றான். இனி அவனிடம் நான் பேசப்போவதில்லை.

இப்போது நான் எந்த வீடு வரைந்தாலும் மாடிப்படியை ஒரு பக்கம் இழுக்கிறேன், கூடத்தைக் கோணலாகத் திருப்புகிறேன். ஏன் என்று கேட்பவர்களிடம் புது பாணி என்று சொல்லிவைக்கிறேன். அவள் வீட்டிலிருந்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். இன்னாடி, வீட்டுக்கு மாறுகண்ணா என்று அவள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம் ஜைனபு, மாறுகண்தான். இதைச் சரிபாதியாகப் பிளக்க எவனாலும் முடியாது.