கம்பியோடு வந்த முகம்

நீதிமன்றத்தில் அடையாளம் காட்ட வரும் சாட்சிகளிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இவரை அதுக்கப்புறம் வேற எங்கேயாவது பாத்தீங்களா?" நான் எழுந்து நின்றாலே என் ஜூனியர்கள் அந்தக் கேள்வியை முணுமுணுத்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதை எனக்குச் சட்டக் கல்லூரி சொல்லித் தரவில்லை. 1991-இல் வடக்குப்பட்டில், என் சித்தி வீட்டுச் சமையல்கட்டில் கிடைத்தது அது.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கத்தில் அப்போது கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வயலைத் தவிர வேறு வேலை தெரியாத குடும்பத்தில் சித்திதான் முதன்முதலில் ஷிப்டு, ஓ.டி. என்றெல்லாம் பேசினாள். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்லூரியில் இடம் கிடைக்கும்வரை அவள் வீட்டில் இருந்தேன்.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரோடு முழுக்க போலீஸ். புது முகம் என்றாலே குற்றம். டீக்கடையில் ஒருவன் கொஞ்சம் வேறு மாதிரி தமிழ் பேசிவிட்டால் போதும், அவன் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நாலு பேர் சுற்றி நின்று எந்த ஊர், யார் வீடு என்று குடைவார்கள்.

அப்படியொரு நாளில்தான் சித்தியின் தாலிச் சங்கிலி போனது. முதல் ஷிப்டுக்காக விடியற்காலையில் கூட்ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்குத் தனியாக நின்றிருக்கிறாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கழுத்தெல்லாம் ரத்தக் கீறல், புடவை முழுக்க மண்.

"பின்னாலேர்ந்து வந்தான். இழுத்த இழுப்புல நான் குப்புற வுழுந்துட்டேன். எழுந்து பாக்கசொல்ல தைலத்தோப்புக்குள்ள ஓடுறான். தலையில துண்டு சுத்திகினு கீறான். முதுகுதான் தெரிஞ்சுது" என்றாள். இதை என் காதால் கேட்டேன். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அக்காவும் கேட்டாள். அந்த அக்காதான் கீறலில் மஞ்சள் அரைத்துப் பூசினாள். ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து சித்தப்பா சித்தியின் கழுத்தில் கட்டினார். அப்போதுதான் சித்திக்கு அழுகை வந்தது.

பொழுது நன்றாக விடிவதற்குள் ஊர்க்காரர்கள் ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். ஒரகடம் போகும் வழியில் ஒரு கம்பெனிக்கு ஷெட் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வெல்டிங் வேலைக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன் அவன். தோப்போரமாகப் பல் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறான். தலையில் துண்டு வேறு. வாயைத் திறந்ததும் அவன் பேச்சு ஒருவருக்கும் பிடிபடவில்லை. அது போதுமானதாக இருந்தது. நன்றாகக் கவனித்து ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். சங்கிலி அவனிடம் இல்லை. கூட்டாளியிடம் கொடுத்துவிட்டான் என்று கூட்டமாக முடிவு செய்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

என் சித்தப்பா நல்ல மனிதர். ஸ்டேஷன் ஏட்டையா தனக்குப் பழக்கம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. கறி எடுக்கும் நாளில் ஏட்டையா வீட்டுக்கும் ஒரு தூக்கு போகும். மறுநாள் சித்தியை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். ஏட்டையாவும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். "மாஜிஸ்ட்ரேட் முன்னால நாலஞ்சு பேரை நிக்க வெச்சு ஆளைக் காட்டச் சொல்வாங்கம்மா. அங்க போயி தடுமாறாதே. இப்பவே ஒரு தடவ பாத்துக்கோ" என்று லாக்கப்பின் பின்பக்க ஜன்னலுக்குக் கூட்டிப் போனார். கல்யாணத்துக்கு முன் பெண்ணையும் பையனையும் கோயிலில் வைத்துக் காட்டிவிடுவது மாதிரி, வேண்டியவர்களுக்குச் செய்யும் உபகாரம். அதில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சித்தி திரும்பி வந்தபோது "அவனேதான்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு மட்டுமல்ல, தாலி பறிபோன வீட்டுக்கும் விசாரிக்க வருவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டது நான், கதை சொன்னது சித்தி. ஒவ்வொரு முறையும் கதைக்குச் சதை பிடித்தது. துண்டு நழுவியது. அவன் திரும்பிப் பார்த்தான். அடர்த்தியான மீசை. இடது புருவத்தில் ஒரு வெட்டு. அவள் பொய் சொல்லவில்லை, அதை நான் கோயிலில் சத்தியம் செய்வேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே சொல்லச் சொல்ல அவள் நினைவே நகர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இன்றைக்கு இதைப் பற்றி உலகமெங்கும் ஆராய்கிறார்கள். சாட்சிக்கு ஆளை முன்கூட்டியே காட்டிவிட்டால் பிறகு அவர் நினைவில் இருப்பது எந்த முகம் என்று அவருக்கே தெரியாது என்கிறார்கள். எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதை வைத்து உண்மையை அளக்காதே என்கிறார்கள். வரிசையை நிற்க வைக்கிறவருக்கே அதில் சந்தேக ஆள் யார் என்று தெரியக் கூடாதாம். படிக்கும்போதெல்லாம் நான் பக்கத்து வீட்டு அக்காவை நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அந்த அக்கா சமையல்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, யாருக்கோ சித்தி சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் போனதும் சாதாரணமாகக் கேட்டாள். "ஏண்டி, அன்னிக்கி முதுகுதான் பாத்தேன்னு சொன்ன. இப்ப புருவத்துல வெட்டுங்கிற. முதுகுலயா புருவம் கீது அவனுக்கு?"

"அப்ப நான் இன்னா, பொய் சொல்றனா?" என்று சித்தி எகிறினாள். அக்கா கீரைக் காம்புகளை அள்ளிக்கொண்டு போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்த சித்தி அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கண்ண மூடினா அவன் மூஞ்சி நல்லாத் தெரியுதுடி. மீசை, வெட்டு, எல்லாம் தெரியுது. ஆனா முன்னால கம்பி கீது."

"கம்பியா?"

"ஜன்னக் கம்பி. கூட்ரோட்டுல ஏதுடி கம்பி?"

அன்றிலிருந்து வீடு இரண்டுபட்டது. "ஏட்டையா வேலைக்கு உலை வைக்கப் போறியா?" என்றார் சித்தப்பா. "தாலியப் பறிச்சவனுக்கு வக்காலத்தா?" என்று சித்தியின் மாமியார் மூக்கைச் சிந்தினாள். ஏட்டையாவே வீட்டுக்கு வந்து, "நீ கையை மட்டும் காட்டும்மா. மிச்சத்தை அவன் வாயிலேர்ந்து நாங்க வரவழைச்சுக்கறோம்" என்றார். எப்படி வரவழைப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சித்திக்குச் சங்கிலி வேண்டாமா? வேண்டும். அதை நினைத்து அழுததை நான் பார்த்தேன். ஒரு விரலை நீட்டினால் வீடும் ஊரும் அவள் பக்கம். நீட்டாவிட்டால் ஒருத்தரும் இல்லை. நீட்டினால் அந்த வெல்டருக்கு ஜெயில், அவளைத் தவிர வேறு சாட்சியே கிடையாது.

சப்-ஜெயிலுக்குச் சித்தப்பாவோடு நானும் போனேன். எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை, சித்தி சொல்லித்தான் தெரியும். மாஜிஸ்ட்ரேட் சின்ன வயசுக்காரராம். அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, "அவசரமே இல்லம்மா. அந்த ஆள் இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்" என்றிருக்கிறார். யாரும் சொல்லித் தராத நாளிலேயே அப்படிச் சொன்ன அந்த மனிதரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சித்தி வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவன் நின்றிருந்தான். நிமிர்ந்து அவளையே பார்த்தானாம். கடைசிவரை போய்விட்டு மாஜிஸ்ட்ரேட்டிடம் திரும்பி வந்தாள்.

"இதுல ஒருத்தரை எனக்குத் தெரியும் ஐயா. ஆனா ஸ்டேஷன் ஜன்னல்ல காட்டினதுனால தெரியும். சங்கிலி அறுத்தவன் மூஞ்சிய நான் பாக்கல. முதுகுதான் பாத்தேன்."

அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சித்தப்பா முகத்தைப் பார்த்து, "இருக்கிறதச் சொல்லிட்டேன். திட்றதா இருந்தா வூட்டுல வந்து திட்டு" என்றாள். அவர் திட்டவில்லை. எங்களை விட்டு முன்னால் நடந்தார். ஏட்டையாவை எங்கோ மாற்றிவிட்டார்கள். கறித் தூக்கு போவது நின்றது. டீக்கடையில் சித்தி காதுபடவே, "நாகர்கோவிலான் எவ்ளோ குடுத்தானாம்?" என்று கேட்டார்கள். வாயாடி சித்தி அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் நடந்துபோனாள். நானாக இருந்தால் டம்ளரைப் பிடுங்கி அடித்திருப்பேன். சங்கிலி கடைசிவரை கிடைக்கவில்லை. மஞ்சள் கயிறுதான் அவள் கழுத்தில் கிடந்தது.

வழக்கு நிற்கவில்லை, அவனை விட்டுவிட்டார்கள். மழைக்காலம் தொடங்கியபோது நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன்; லீவுக்குச் சித்தி வீட்டுக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சித்திக்கு அன்று இரண்டாவது ஷிப்டு. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டதால் என்னோடு டவுன் பஸ்ஸுக்கு வந்திருந்தாள். அதே கூட்ரோடு. நல்ல மழை. பூட்டிக் கிடந்த பெட்டிக்கடையின் தகரத்துக்கடியில் நாங்கள் பெண்களாக நெருக்கிக்கொண்டு நின்றோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் மழையிலேயே நின்றுகொண்டிருந்தான். நான் அவனை அதுவரை பார்த்ததில்லை. சித்தி என் கையை இறுக்கிப் பிடித்ததும் யாரென்று தெரிந்துவிட்டது.

"இன்னாப்பா மழையில நிக்கிற? இப்டி உள்ள வா" என்று கூப்பிட்டாள்.

"இல்லக்கா, நான் இங்கனயே நிக்கேன். நீங்க பயந்துரக் கூடாதுல்லா."

"பயந்தா நான் சொல்ல மாட்டேனா? வா."

தயங்கித் தயங்கி வந்து ஓரமாக நின்றான். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சித்தி அவன் முகத்தை வெட்கமில்லாமல் உற்றுப் பார்த்தாள். பிறகு தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க உனக்கு ஒரு வெட்டு இருந்துதே?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். புருவம் சுத்தமாக இருந்தது.

"அது அன்னைக்கு உங்க ஊர்க்காரங்க அடிச்சதுக்கா. ஆறிட்டு."

சித்தி கொஞ்சம் நகர்ந்து, தகரம் ஒழுகாத இடத்தில் அவனை நிற்க வைத்தாள். பஸ் வந்ததும் அவனை முதலில் ஏறச் சொன்னாள்.