மருந்துக்காக நைனா ஆனேன்

ஆம்பூர் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை எனக்கு. புதிதாக இன்சூரன்ஸ் அட்டை கொடுத்திருந்தார்கள். பெண்டாட்டி, பிள்ளைகளுக்கு மருந்து உண்டாம், பேரப்பிள்ளைகளுக்குக் கிடையாதாம். எனக்கு இருந்ததோ, செத்துப்போன மகளின் ஐந்து வயதுப் பெண் ஒருத்திதான். அவள் ‘நைனா’ என்று கூப்பிட வேண்டிய தகப்பன் எப்போதோ ஓடிவிட்டான்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு விடாத காய்ச்சல். தோளில் தூக்கிக்கொண்டு போகையில் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

“தாத்தான்னு சொல்லாத கண்ணு. யார் கேட்டாலும் நைனான்னு சொல்லு.”

இன்சூரன்ஸ் டாக்டர் அவள் நாக்கைப் பார்த்துக்கொண்டே, “இவர் யாரும்மா?” என்றார்.

“எங்க நைனா.”

யாரையுமே அப்படிக் கூப்பிட்டறியாத குழந்தை, என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னாள். டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மருந்து எழுதினார்.

வெளியே வந்ததும் என் காதோரம் கேட்டாள்.

“தாத்தா, இங்க வந்தா நைனா குடுக்கறாங்களே, அம்மாவும் குடுப்பாங்களா?”

“இன்னைக்கு டைம் ஆய்ட்ச்சி கண்ணு. இன்னொரு நாளைக்குக் கேக்கலாம்” என்றேன்.

காய்ச்சல் விட்டது. மருந்து தீர்ந்த அன்று காலி பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு, தானே பொட்டு வைத்துக்கொண்டு, வாசலில் வந்து நின்றாள்.

“இன்னைக்குப் போலாமா?”

டாக்டர் என் பொய்யை நம்பினாரோ இல்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் நம்பிவிட்டாள்.