‘குளம்’ என்று முடியும் ஒரு நிலையம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் போகும் பஸ் காலை ஆறு இருபதுக்குப் புறப்பட்டது. மாசி மாதத்துச் சனிக்கிழமை. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். ஆழமில்லாத கடல், இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வலையைச் சுமந்து நடந்து போய்க்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வேலணை, பிறகு இன்னொரு பாலம், பிறகு புங்குடுதீவு. பூட்டிய வீடுகளும் புதிதாக வெள்ளையடித்த கோயில்களும் மாறி மாறி வந்தன. ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தது.

என் மடியிலிருந்த பைக்குள் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தன. மூன்றும் ஒரே ரயில் நிலையத்தில் எடுத்தவை. அது எந்த நிலையம் என்று தெரிந்துகொள்ளத்தான், தண்டவாளமே இல்லாத நெடுந்தீவுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எனக்கு ஊர் நாவலப்பிட்டி. முப்பத்துநான்கு வருடம் ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தப் பாதையில் போகவேண்டுமோ அந்தப் பக்கம் தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற வேலை. நான் பிறப்பதற்கு முன் வன்னிப் பக்கம் பல நிலையங்களில் மாறி மாறி வேலை செய்திருக்கிறார் என்பது தெரியும். எங்கே எப்போது என்று தெரியாது. அவர் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது.

அம்மா போன வருடம் இறந்தார். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், தெளிவாகத்தான் இருந்தார், “மூத்தவன் கோச்சியடியிலேயே கிடக்கிறான்” என்றார். எனக்கு முன் ஓர் ஆண் குழந்தை பிறந்து இறந்துபோனது தெரியும். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. எந்த ரயிலடி என்று கேட்டேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முப்பத்தோராம் நாளுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது சாமியறை முருகன் படத்தின் பின்னட்டையைக் கரையான் அரித்திருந்தது. சட்டத்தைக் கழற்றினேன். முருகனுக்குப் பின்னால் இந்த மூன்று படங்களும் இருந்தன.

முதலாவதில் ஓட்டுக் கூரைபோட்ட நிலையக் கட்டடமும் மணிக்கூடும். இரண்டாவதில் ஒரு நீராவி எஞ்சின் குழாயில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நிற்கிறது. மூன்றாவதில் அம்மா. இருபது வயதுகூட இராது. மேடையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, மடியில் தூங்கும் குழந்தையைப் பிடித்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பெயர்ப்பலகையின் ஓரம் மட்டும் படத்துக்குள் வந்திருக்கிறது. தமிழில் ‘குளம்’ என்ற கடைசி மூன்று எழுத்துகள்.

ரயில்வே ஏடுகளைப் பற்றி விசாரித்தேன். அவ்வளவு பழையவை இல்லை என்றார்கள். பழைய ரயில் படங்களைப் பகிரும் முகநூல் குழு ஒன்றில் முதல் இரண்டு படங்களையும் போட்டு, பெயர் ‘குளம்’ என்று முடியும் என எழுதினேன். அம்மாவின் படத்தைப் போட மனம் வரவில்லை. ஒருவர் செட்டிகுளம் என்றார். ஒருவர் மாங்குளம். இன்னொருவர் புளியங்குளம், வேறொருவர் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள புங்கன்குளம். நேரில் போய்ப் பார்க்கவும் வழியில்லை. போரில் அந்தப் பாதைகளே அழிந்து, தண்டவாளமும் அதற்கு அடியிலிருந்த சிலிப்பர் கட்டையும் காப்பரணுக்குப் போய், இப்போது நிற்பவை எல்லாம் புதுக் கட்டடங்கள்.

அப்போதுதான் நெடுந்தீவிலிருந்து சிவமலர் என்ற பெண் எழுதினார். தன் அப்பா அந்தப் பாதைகளில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், எண்பத்தொன்பது வயது, கண் தெரியாது, தொலைபேசியில் பேசினால் காது பிடிக்காது, ஆனால் படத்தோடு ஆளை வரச்சொல்கிறார் என்று.

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு பக்கம் நயினாதீவுப் படகுக்குக் கூட்டம் முண்டியடித்தது. பூத்தட்டோடு வந்த குடும்பங்கள், வெள்ளை உடுத்த சிங்கள யாத்திரிகர்கள். நெடுந்தீவுப் படகின் பக்கம் சீமெந்துப் பைகளும் காஸ் சிலிண்டர்களும் ஒரு சைக்கிளும். படகின் அடித்தட்டில் பலகையில் உட்கார்ந்தேன். எட்டு மணி கடந்து புறப்பட்டது. நயினாதீவுக் கோபுரம் வலப்பக்கம் நெடுநேரம் தெரிந்து பிறகு மறைந்தது. பக்கத்தில் புதிய சோற்றுப் பானையை மடியில் வைத்திருந்த பெண், யாரிடம் போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

“கோச்சி மாஸ்டரிட்டயோ? நல்ல மனிசன். ஆனா அந்த வேலையைப் பற்றி ஒண்டும் கதைக்கமாட்டார், அக்கா. நாங்கள் சின்னனில கேட்டுப் பாத்தனாங்கள்” என்றார்.

ஒன்பது இருபதுக்கு நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கினேன். ஓட்டோ ஒன்று மதில்களுக்கிடையே போனது. பவளக் கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய மதில்கள். அவற்றுக்கு மேலால் மாடுகளின் முதுகும் பனைகளும் மட்டும் தெரிந்தன.

சிவமலர் வீட்டுப் படலையில் காத்து நின்றார். ஐம்பது வயது இருக்கும், பாலர் பாடசாலை ஆசிரியை. “வாங்கோ அக்கா. அப்பா விடியவே சேவ் எடுத்துப்போட்டு வெள்ளை சேட்டோட இருக்கிறார்” என்று மெதுவாகச் சொன்னார்.

மாஸ்டர் முன் விறாந்தையில் ஒரு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொன்னதும் குரல் வந்த பக்கம் சரியாகத் திரும்பினார். மலைநாட்டில் எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். தேநீர் வந்தது. குடித்து முடித்ததும் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, “முதல் படத்தை எடும். நான் கேக்கிறதுக்கு மட்டும் சொல்லும், பிள்ளை. காணாததைச் சொல்லாதையும்” என்றார்.

மணிக்கூட்டில் என்ன நேரம் என்று கேட்டார். நாலு பத்து. கட்டடத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்டார். தண்டவாளத்துக்குக் குறுக்கே என்றேன். செட்டிகுளத்தை விட்டுவிடச் சொன்னார். அந்தப் பாதை மேற்கே மன்னாருக்குப் போவது. பின்னேர நிழல் அங்கே தண்டவாளத்தின் நீளத்துக்குத்தான் விழுமாம். இரண்டாவது படத்துக்கு, தண்ணீர்க் குழாய் இருந்தால் புங்கன்குளமும் இல்லை என்றார். அது சின்ன இடம், எஞ்சின் அங்கே தண்ணீர் எடுக்காது. பத்து நிமிடத்தில் நாலு இடம் இரண்டாகிவிட்டது. சிவமலர் தகப்பனை வியப்போடு பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது படத்தை எடுத்தேன். ஒரு பெண் குழந்தையோடு வாங்கில் இருக்கிறார் என்றேன். என் அம்மா என்று சொல்லவில்லை. ஏனோ வரவில்லை.

“வாங்கின்ர கால் நாலும் இரும்போ?”

தொலைபேசியால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று இரும்பு. நாலாவது, வலப்பக்கம், ஒரு மரக்கட்டை.

உடைந்த காலுக்குப் பதிலாகச் சிலிப்பர் கட்டையை அறுத்து முட்டுக்கொடுக்கச் சொன்னது தான்தான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பெயர்ப்பலகை முழுசாத் தெரியாது, என்ன?” என்று கேட்டார்.

ஓரம் மட்டும் தெரிகிறது என்றேன்.

“அந்தப் பிள்ளையின்ர தலையைச் சுத்தி ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்குமே?”

தொப்பியின் நாடா நாடிக்குக் கீழே கட்டியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. படத்தைப் பார்த்தேன். தொப்பி இல்லை. ஒரு வெள்ளைத் துணி நாடிக்குக் கீழே போய் உச்சந்தலையில் முடிந்திருந்தது. உயிர் போனபின் வாய் திறந்துவிடாமல் நாங்கள் கட்டுகிற கட்டு. எத்தனையோ பேருக்கு என் கையால் அதைக் கட்டியிருக்கிறேன். ஒரு வருடமாக இந்தப் படத்தைக் கையில் வைத்துப் பார்த்தவள், குழந்தை தூங்குகிறது என்றே நினைத்திருந்தேன்.

கட்டியிருக்கிறது என்றேன். சிவமலர் வந்து என் தோளில் கை வைத்தார்.

“நீர் செல்லையாவின்ர மகளோ?” என்று கேட்டார் மாஸ்டர்.

ஆம் என்றேன்.

“இது புளியங்குளம், பிள்ளை. படம் எடுத்தது நான்.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை, அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. முதல்முறையாகத் தனிப் பொறுப்பில் ஒரு நிலையம். அப்பா அவரிடம் ஒன்றரை வருடம் வேலை செய்தார். குழந்தைக்கு ஐந்து மாதம். மூன்று நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் விடிய வலிப்பு வந்தது. அப்போது வந்த சாமான் ரயிலிலேயே அதன் கார்டிடம் சொல்லி அம்மாவையும் அப்பாவையும் வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பின்னேர வண்டியில் திரும்பி வந்தார்கள். அப்பா இறங்கும்போதே முகத்தில் தெரிந்தது. அம்மா மட்டும் அந்த வாங்கில் உட்கார்ந்துகொண்டு எழும்பமாட்டேன் என்றார். யாரையும் குழந்தையைத் தொடவிடவில்லை.

“நான் கமெரா வைச்சிருந்தனான். சம்பளத்தில வாங்கினது. உம்மட அம்மா என்னைக் கூப்பிட்டு, ஐயா, இவனுக்கு ஒரு படமும் இல்லை எண்டு சொன்னா. அவ்வளவுதான் சொன்னவ. நான் எடுத்தனான்.”

பெயர்ப்பலகை அம்மாவுக்கு நேர் பின்னால் இருந்ததாம். படத்தைப் பார்க்கும் போதெல்லாம் அந்த ஊரின் பெயரையும் அவர் வாசிக்க வேண்டாம் என்று நினைத்து, வேண்டுமென்றே ஒதுங்கி நின்று எடுத்தாராம். அப்படியும் ஓரம் விழுந்துவிட்டது. பிறகு ரயில் கடவையின் கேற்றுக்கு அப்பால், பாதையோரம் ஒரு பாலை மரத்தடியில், அப்பாவும் அவரும் கேற்காரரும் குழி வெட்டினார்கள். படங்கள் கழுவி வந்ததும் ஃபிலிமில் இருந்த மற்ற இரண்டையும் சேர்த்து அப்பாவிடம் கொடுத்தார். அடுத்த மாதமே அப்பா இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது அம்மா அவரோடு பேசவில்லை.

“செத்த பிள்ளையைப் படமெடுத்துத் தாயின்ர கையில குடுத்தது பெரிய பிழை எண்டு எனக்குள்ள இருந்தது. கமெராவை வித்துப்போட்டன். பிறகு ஒரு படமும் எடுக்கேல்லை. உம்மட அம்மா அதைக் கிழிச்சுப்போட்டிருப்பா எண்டு நினைச்சனான். எங்கயிருந்து எடுத்தனீர்?”

முருகனுக்குப் பின்னால் இருந்தது என்றேன். என் வயதுக்கு மேல் அந்தப் படம் அங்கே இருந்திருக்கிறது. அம்மா ஒவ்வொரு நாளும் விளக்கேற்றியதும் கும்பிட்டதும் அதற்கு முன்னால்தான். கடைசி வாரம்வரை.

அவர் தலையை அசைத்தார். கண்ணாடி இல்லாத அந்தக் கண்களை வேட்டித் தலைப்பால் துடைத்தார். சிவமலர் தகப்பன் அழுது பார்த்ததில்லை போலும், உள்ளே போய்விட்டார்.

நான் இன்னொன்று கேட்டேன். குழந்தையின் பெயர் தெரியுமா என்று. எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

“தெரியாமலோ? பிறப்புப் பதிவுக்குப் படிவம் நிரப்பினதே நான்தான். சந்திரன். செல்லையா சந்திரன்.”

மத்தியானம் மீன்குழம்போடு சோறு தந்தார்கள். சாப்பிடும்போது அவர் வேறு விஷயங்கள் பேசினார்: தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் குறைவது, இரண்டு மகன்கள் கனடாவில் இருப்பது. நான் புறப்படும்போது, இப்போது அங்கே அந்த மரம் இராது, ஷெல்லுக்கும் புல்டோசருக்கும் தப்பியிருக்காது, போய்த் தேடி மனத்தை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். பிறகு மூன்றாவது படத்தைக் கேட்டு வாங்கி, விரலால் அதன் நாலு ஓரத்தையும் தடவிப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

இரண்டரை மணிப் படகு நிறைந்திருந்தது. மேல்தட்டில் நின்றுகொண்டு வந்தேன். நெடுந்தீவு மிகத் தட்டையான தீவு. கொஞ்சத் தூரம் போனதும் நிலம் மறைந்து பனைகள் மட்டும் தண்ணீரில் நிற்பதுபோல் தெரிந்தன.

அடுத்த நாள் காலை யாழ்ப்பாணத்தில் கொழும்பு ரயிலுக்குச் சீட்டு எடுத்தேன். அது புளியங்குளத்தில் நிற்காது என்றார் சீட்டுக் கொடுத்தவர். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இறங்கினால் என்ன செய்வேன் என்று தெரியாமல் இருந்தேன்.

கிளிநொச்சி தாண்டியபோது நாவலப்பிட்டி நினைவு வந்தது. எங்கள் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து நிலையத்துக்கு ஐந்து நிமிட நடை. அப்பாவுக்கு இலவசப் பயணச் சீட்டு உண்டு. ஆனாலும் கண்டிக்கோ கொழும்புக்கோ போவதென்றால் அம்மா எங்களை பஸ்ஸில்தான் கூட்டிப் போவார். மலைப்பாதை வளைவுகளில் அவருக்கு வாந்தி வரும். ஒரு பையில் எலுமிச்சங்காயோடு வருவார். சும்மா கிடைக்கிற ரயிலை விட்டு ஏன் இந்தப் பாடு என்று நாங்கள் பிள்ளைகள் அவரைக் கேலி செய்திருக்கிறோம். அப்பா ஒருநாளும் அந்தக் கேலியில் சேர்ந்ததில்லை. வேலைக்கு அவர் சாப்பாட்டை மறந்து போனாலும், அதை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனது நான்தான், அம்மா போனதில்லை. அறுபத்தொரு வயதில், மாங்குளத்தைக் கடந்துகொண்டிருக்கும் வண்டியில் உட்கார்ந்துதான் எனக்கு அது விளங்கியது.

புளியங்குளம் வந்தபோது எழுந்து நின்றேன். மஞ்சள் பலகையில் மூன்று மொழியிலும் பெயர். புதிய மேடை, புதிய வாங்குகள், வெயிலில் ஒரு நாய். கேற்றடியில் ஒரு லொறியும் இரண்டு மோட்டார் சைக்கிளும் எங்களுக்காகக் காத்து நின்றன. அதற்கப்பால் காடு. எது பாலை மரம், எது வேறு மரம் என்று பார்க்க வண்டி நேரம் தரவில்லை.

எதிர் ஆசனத்தில் இருந்த பெரியவர், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டீர்களா என்று கேட்டார்.

“இல்லைங்க. எங்க அண்ணன் சந்திரன் இங்க இருக்கிறாரு” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, கால்களை ஒடுக்கி, ஜன்னல் பக்கம் எனக்கு இடம் விட்டார்.