பச்சை ஜாடியின் தாகம்

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. ஜப்பானின் கனஸாவா ஊரில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஜனவரி பத்தொன்பதாம் தேதி, பட்டப்பகலில், என் கண்ணெதிரே நடந்தது இது.

அன்று என் தோழி மிசாவோவின் மகன் ரியோஜிக்கு முதல் நினைவு நாள். ஆறு வயதில் போய்விட்டான். அவனை நினைத்துத் தேநீர்ச் சடங்கு. அவள் வீட்டில், நாங்கள் இருவர் மட்டும். சீனத்துப் பச்சைப் பீங்கான் ஜாடி ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தாள். எண்ணூறு வருஷத்துப் பொருள். அதற்கு அரக்கு மூடி போட்டு, தேநீருக்கான தண்ணீர் ஜாடியாக்கியிருந்தாள்.

மூன்று மணி பத்து. விளிம்புவரை நிரப்பி நானே தூக்கிவந்து வைத்தேன். மிசாவோ மூங்கில் அகப்பையால் ஒரே ஒரு முறை மொண்டாள். மூடினாள்.

மூன்று இருபத்தைந்து. மறுபடி திறந்தாள். தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது.

"ஒழுகுதாடி?" என்றாள் மிசாவோ.

பாயைத் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

நிரப்பினாள். மூடினாள்.

அப்போது கேட்டது. மடக்… மடக்…

மூடிக்கு அடியிலிருந்து. சின்ன வாய் ஒன்று அவசரமாகக் குடிக்கிற சத்தம்.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "எந்திரி மிசாவோ. போயிடலாம்."

அவள் அசையவில்லை. ஜாடியின் மேல் குனிந்தாள்.

"தாகமா கண்ணு?"

சத்தம் நின்றது.

பிறகு… இன்னும் வேகமாக…

"இக்குகோ, இது என் புள்ளைடி. கடைசி ராத்திரி தண்ணி தண்ணின்னு கெஞ்சினான். ஆபரேஷனுக்கு முன்னாடி குடுக்கக் கூடாதுன்னாங்க. நான் குடுக்கல."

மூன்று முறை நிரப்பினாள். நான்கு மணி ஐந்துக்குச் சத்தம் அடங்கியது. ஜாடி காலி.

விரிசல் இருக்குமோ என்று, ஏப்ரலில், பழம்பீங்கான் தெரிந்த ஓனுகி என்பவரை நான்தான் அழைத்துவந்தேன். மிசாவோ சமையலறையில் இருந்தாள். அவர் ஜாடியைக் கவிழ்த்தார். விரிசல் இல்லை. அடியில் பூசியிருந்த பழைய அரக்கு அவர் விரல் பட்டதும் பெயர்ந்து விழுந்தது. அந்த அரக்குக்குக் கீழே மையால் சீன எழுத்து. படித்தவர் முகம் மாறியது.

"கல்லறையில வெச்ச ஜாடிங்க இது. 'வறட்சி வருஷம். மகளுக்கு வயசு ஆறு. அம்மா வர்ற வரைக்கும் இதைக் குடி'ன்னு எழுதியிருக்கு. அவங்ககிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாங்க."

இன்றுவரை நானும் சொல்லவில்லை. மிசாவோ தினமும் ஜாடியை நிரப்புகிறாள். கொஞ்சம் தேறியும் இருக்கிறாள்.

போன வாரம் பூரித்துப்போய் ஃபோன் செய்தாள்.

"இப்போ பேசறான்டி. ஒரு வார்த்தைகூடப் புரியல… ஆனா என்னைத்தான் கூப்பிடறான்."