அண்ணியின் நூற்றிருபது வரிகள்

இணையதளம் செய்யப் பயன்படும் பி.எச்.பி. மொழியை நான் மூன்று புத்தகங்களில் கற்றேன். மூன்றிலும் முதல் பாதியை மட்டும்தான் கற்றேன். ஆரம்பநிலைப் புத்தகங்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் தொடங்கும். திரையில் ஒரு வணக்கம் வரவழைக்க வேண்டும், இரண்டு எண்களைக் கூட்ட வேண்டும், பிறகு பெயரும் ஊரும் கேட்கும் ஒரு படிவம். படிவம் வேலை செய்துவிட்டால் எனக்கு மொழியே வந்துவிட்ட மாதிரி இருக்கும். மிச்சத்தை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்துவிடுவேன். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது தெப்பக்குளம் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் மூன்றாவது புத்தகத்தை வாங்கினேன். அதையும் அப்படித்தான் மூடி வைத்தேன். அதை அண்ணி எடுத்துக்கொண்டார்.

அண்ணிக்கு ஊர் உப்பிலியபுரம். கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு கல்யாணம் ஆகி, கே.கே. நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவர். மூன்று வருடமாக வேலை எதற்கும் போகவில்லை. "போகணும்னா போகட்டும், யாரு புடிச்சு வச்சிருக்கா?" என்பான் அண்ணன். சொல்லிவிட்டு அவன் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவான். சமையலும் துணி துவைப்பதும் அண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அண்ணி புத்தகத்தை முன்னுரையிலிருந்து ஆரம்பித்தார். முன்னுரையை யாராவது படிப்பார்களா? அவர் படித்தார். அண்ணனின் பழைய லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு உதாரணத்தையும் எழுத்து எழுத்தாக அடித்தார். அத்தியாயத்தின் கடைசியில் பயிற்சிக் கேள்விகள் உண்டு என்பதே அவர் அவற்றைச் செய்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"இதெல்லாம் நெட்லயே இருக்கு, காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணுங்க அண்ணி. எதுக்கு இப்படி டைப் அடிச்சுக்கிட்டு?"

"அடிச்சாத்தான் தம்பி மண்டைல ஏறுது."

"இந்த வேகத்துல போனீங்கன்னா அதுக்குள்ள இந்த மொழியே வழக்கொழிஞ்சு போயிடும்."

"போகட்டும். போற வரைக்கும் இருக்கும்ல?"

ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால் எனக்குப் பொறுக்காது. கை நீட்டி நானே போட்டுவிடுவேன். "நானே கண்டுபிடிச்சிருப்பேனே தம்பி" என்பார். அது எனக்கு நன்றி சொல்வது போலவே கேட்டது.

புத்தகம் முடிய ஏழு மாதம் ஆனது. அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில், ஒரு வீட்டு மாடியில் இயங்கிய சின்ன அலுவலகம் ஒன்று ஆள் தேடுவதாகத் தகவல் வந்தது. அனுபவம் தேவையில்லை. அவர்கள் கொடுக்கும் ஒரு வேலையை வீட்டிலேயே செய்து அனுப்ப வேண்டும். திருவிழாவுக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதிக்கு அறை பதிவு செய்யும் பக்கம். வரும் தேதி, கிளம்பும் தேதி, எத்தனை பேர் என்று கேட்டு, அறை காலியாக இருந்தால் கொடுக்க வேண்டும். கெடு பத்து நாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் நானா கேட்டுப் போற முதல் வேலை தம்பி இது. கிடைச்சா நல்லாருக்கும்" என்றார் அண்ணி. அடுத்த ஒன்பது நாளும் மேஜைப் பக்கம் என்னை வர விடவில்லை.

பத்தாம் நாள் உப்பிலியபுரத்தில் அவருடைய அக்கா மகளுக்குக் காதுகுத்து. போகாமல் இருக்க முடியாது. "எல்லாம் முடிச்சுட்டேன். ராத்திரி ஒரு தடவை பார்த்துட்டுதான் மூடினேன். அப்ப நெட் வரல. மெயில்ல போட்டு அனுப்பி மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணனோடு கிளம்பினார்.

அனுப்பி மட்டும் விட்டிருக்கலாம்.

திறந்து பார்த்தேன். நூற்றிருபது வரி. இருந்தால் இது, இல்லாவிட்டால் அது என்று படிப்படியாக இறங்கிக்கொண்டே போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. கிளம்பும் தேதி வரும் தேதிக்கு முன்னால் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு தனிப் பகுதி வேறு. வருவதற்கு முன்னாலேயே யார் கிளம்புவார்கள்? அதை எடுத்தேன். மற்றதைச் சுருக்கினேன். வீடியோவில் பார்த்த இரண்டு உத்திகளைச் செருகினேன். மூன்று மணி நேரத்தில் நாற்பது வரியாக்கி, அதே பெயரில் சேமித்து, அனுப்பினேன். இதை ஒரு உதவி என்றே நினைத்தேன். சத்தியமாக.

ஊரிலிருந்து திரும்பியதும் அண்ணி கேட்டார்: "அனுப்பியாச்சா?"

"ஆச்சு அண்ணி. அங்கங்க லேசா தட்டிக் கொட்டி அனுப்பியிருக்கேன்."

இடைவெளி, வண்ணம் ஏதாவது சரி செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்போல. உட்கார்ந்து காட்டியிருக்க வேண்டும். எனக்கு அன்று நண்பர்களோடு கிரிக்கெட் இருந்தது.

நான்காம் நாள் நேரில் வரச் சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன். மன்னார்புரம் தாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்தோம். சத்திரம் நிறுத்தம் தாண்டி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் இறங்கும்வரை அண்ணியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. தன் வரிகளை முதலிலிருந்து கடைசி வரை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம்.

மாடியில் இரண்டே அறை. வெளி அறை பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். உள்ளே நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு இட்ட நடுவயதுக்காரர் ஒருவர் அண்ணியை உட்காரச் சொன்னார். கதவு பாதி திறந்திருந்தது.

"நீங்க அனுப்பினதை ஓட்டிப் பார்த்தேம்மா. நன்னா சுருக்கமா இருக்கு."

நான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு. இருபதாம் தேதி வரேன், பதினெட்டாம் தேதி கிளம்பறேன்னு போட்டேன். அதுக்கும் ரூம் குடுத்துடுத்தே?"

"குடுக்காது சார். அதைப் பார்க்கவே தனியா ஒரு இஃப் போட்டிருக்கேன்."

"எங்கே, காட்டுங்கோ பார்ப்போம்."

மவுஸ் உருளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"சார், இது நான் எழுதினது இல்ல."

"பின்னே யாரும்மா எழுதினா?"

எழுந்து உள்ளே போய் நான்தான் என்று சொல்ல நான்கு அடி தூரம். எழவில்லை.

"நான் எழுதினது பெருசா இருக்கும் சார். வீட்ல ஒருத்தங்க திருத்தியிருக்காங்க. எனக்கு இப்பதான் தெரியுது."

அவர் சிரித்துவிட்டார். "திருத்தினவாளையே வேலைக்கு எடுத்துக்கலாம்னா, அவாளுக்கு இருபது முன்னாடியா பதினெட்டு முன்னாடியான்னு தெரியலையே! சரிம்மா, உங்களோடது இருக்கோல்லியோ? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அதை அனுப்புங்கோ. நாளைக்குக் கார்த்தால ஒருத்தரை முடிவு பண்ணியாகணும்."

வெளியே வந்த அண்ணியின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் இன்றுவரை என்னைக் குத்துகிறது. படி இறங்கும்போதே கேட்டார்: "ஏன் தம்பி சொல்லாம மாத்துனீங்க?"

"நல்லா இருக்கட்டும்னுதான் அண்ணி."

"சரி விடுங்க. அந்தத் தேதி விஷயத்தை அவரே கேட்டாரு பாத்தீங்களா? என்னோடதுல அது இருக்கு. போன உடனே அனுப்பிடலாம். எந்த ஃபோல்டர்ல வச்சிருக்கீங்க?"

பஸ் பாலத்தில் ஏறிய பிறகுதான் என்னால் சொல்ல முடிந்தது. "அதே பேர்ல சேவ் பண்ணிட்டேன் அண்ணி. உங்களோடது அழிஞ்சு போச்சு."

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வந்ததும் சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்தார். அவருடைய நோட்டில் எதற்குப் பின் எது என்ற திட்டம் மட்டும் இருந்தது. வரிகள் இல்லை. ஒன்பது நாளில் அடித்ததை ஒரு மத்தியானத்தில் அடிக்க வேண்டும். பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் எழுதித் தரட்டுமா அண்ணி? வேகமா முடிஞ்சிடும்."

"எழுதித் தந்ததாலதானே தம்பி" என்றார், திரும்பாமல்.

ஆறு மணிக்குப் பாதி முடிந்திருந்தது. இப்போதைக்குப் பாதிதான் இருக்கிறது, மீதியை முடித்து நாளை மறுநாள் அனுப்புகிறேன் என்று உள்ளபடி எழுதி, இருந்ததை அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். பாதியே நன்றாக இருந்ததாகவும் எழுதியிருந்தார்கள்.

அன்று சாப்பிடும்போது அண்ணன் விசாரித்தான்.

"இடம் நிரம்பிப் போச்சாம்" என்றார் அண்ணி.

"அதெல்லாம் சும்மா சொல்றது. உனக்கு வேகம் பத்தல. தம்பி எவ்வளவு மெனக்கெட்டுச் சொல்லிக் குடுத்தான்! புடிச்சுக்கத் தெரியல உனக்கு."

அண்ணி என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அண்ணன் தட்டில் ரசம் ஊற்றினார், பிறகு என் தட்டில். நான் போதும் என்றேன். அந்தச் சாப்பாட்டில் நான் பேசியது அந்த ஒரு சொல்தான்.

மீதிப் பாதியை அவர் முடித்தாரா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு நான் கூடத்துக்கு வந்தால் லேப்டாப்பை மூடிவிடுவார். கொஞ்ச நாளில் திறப்பதும் நின்றது. இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூல் ஆபீசில் இருக்கிறார். சான்றிதழ்களில் பெயர் அடிக்கிற வேலை. நான் சென்னையில், அண்ணி கேட்டுப் போன அதே மாதிரி வேலையில் இருக்கிறேன்.

விசேஷங்களில் சொந்தக்காரர்கள் கூடினால் அண்ணன் அந்தக் கதையை எடுத்துவிடுவான். தம்பி சொல்லிக் கொடுத்ததையும், அண்ணிக்குப் பிடிபடாமல் போனதையும் சிரித்துச் சிரித்துச் சொல்வான். அண்ணியும் ஓரமாக நின்று லேசாகச் சிரிப்பார். போன மாதம் ஒரு வளைகாப்பிலும் சொன்னான். "ஏன்டா, அப்படித்தானே?" என்று என் தோளில் தட்டினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணி மட்டும் பந்திக்கு இலை எடுக்க உள்ளே போய்விட்டார்.

"அது பழைய கதைண்ணே, விடு" என்றேன்.